கடல் கடந்த கல்வியும் கானகப் பாடமும்

கடல் கடந்து செல்வது தமிழர்க்குப் புதியதன்று. முன்னாளில் வாணிகம் கருதிச் சென்றோம். பின்னர்த் தோட்டத் தொழில் கருதிச் சென்றோம். இந்நாளில் நம் பிள்ளைகள் கல்வி கருதிச் செல்கின்றனர். அவர்கள் நாடிச் செல்லும் நாடுகளுள் மலேசியாவும் சிங்கப்பூரும் தொலைவால் அண்மையவை. உறவால் அதனினும் அண்மையவை. மலேசியாவில் ஆடவர் வீட்டில் உடுத்துவதும் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்வதுமான கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்று பெயர். 'காயின்' என்பது மலாய் மொழியில் துணியைக் குறிக்கும். 'பெலிகாட்' என்பதோ நம் பழவேற்காட்டிற்கு ஐரோப்பியர் வழங்கிய 'புலிக்காட்' என்னும் பெயரின் திரிபேயாகும். திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர், கடலுக்கு அப்பால் ஒரு நாட்டு மக்களின் அன்றாட உடையில் இன்றளவும் நின்று நிலவுகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அங்குப் பயிலும் மாணாக்கரிடையே ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் ஐந்து நாள்கள் வகுப்பு. எஞ்சிய இரு நாள்களில் காடு, குன்று, சதுப்பு நிலம், தீவு எனக் குழுவாகப் புறப்பட்டுவிடுகின்றனர். ஊரில் இருக்கும் பெற்றோர்க்கு இச்செய்தி எட்டும்போது, "படிக்க அனுப்பினோமா, காடு சுற்ற அனுப்பினோமா?" என்னும் வினா எழுகிறது. நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன் பெற்றும் பிள்ளையை அனுப்பிய குடும்பத்தார் அவ்வாறு கேட்பதில் தவறொன்றும் இல்லை. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்டதைக் குறித்து வைக்கும் பழக்கத்தோடு மேற்கொள்ளப்படும் வனநடை கல்வியின் ஒரு கூறு. அப்பழக்கம் இல்லாவிடில் அது பொழுதுபோக்கு மட்டுமே. இதுவே நாம் கூற விழையும் விடை. அதற்கான சான்றுகளை இனிக் காண்போம்.

வெப்பமண்டலம் ஒன்று, காடுகள் இரண்டு

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை வெப்பமண்டலம் என்கிறோம். தமிழ்நாடும் இதனுள் அடங்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் அடங்கும். ஆகவே, நம் மாணாக்கர் அங்குச் சென்று இறங்கும்போது, "நம்மூர் வெயில்தானே" என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வெப்பம் ஒத்திருப்பினும் மழை ஒத்திருப்பதில்லை. சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை ஆகிய திங்களை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய திங்கள்களில் மண் காய்ந்து கிடக்கும். நிலநடுக்கோட்டிற்கு ஒன்றேகால் பாகை வடக்கே அமைந்த சிங்கப்பூரிலோ ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைக் கடந்துவிடுகிறது. அம்மழையும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. அங்குக் கோடை என்றும் கூதிர் என்றும் தெளிவான பிரிவு இல்லை. ஞாயிறு எழுவதும் மறைவதும்கூட எல்லாத் திங்களிலும் ஏறக்குறைய ஏழு மணி அளவிலேயே நிகழ்கின்றன.

மழையில் அமைந்த இவ்வேறுபாடே காட்டின் வடிவை மாற்றிவிடுகிறது. நம் கிழக்குக் கடற்கரையின் இயற்கைக் காடு, தடித்த சிறிய இலைகளும் குட்டையான மரங்களும் கொண்ட உலர் பசுமைக் காடாகும். மலாய் நாட்டுக் காடோ அடுக்கு மாடம் போன்றது. தரையில் நிழல் விரும்பும் செடிகளும் இளங்கன்றுகளும், அவற்றின் மேல் இடைநிலை மரங்களும், அவற்றின் மேல் கூரைபோல் ஒன்றோடொன்று நெருங்கிய மரமுகடும், அம்முகட்டையும் துளைத்துக்கொண்டு எழும் நெடுமரங்களுமாகப் பல தளங்கள் அங்கு உள்ளன. நெடுமரங்களின் அடியில் சுவர் போன்று விரிந்த பலகை வேர்கள் காணப்படும். மெல்லிய மேல்மண்ணில் ஆழ ஊன்ற இயலாத மரத்திற்கு அவ்வேர்களே முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

இத்துணைப் பசுமையைக் காண்போர், மண் மிக வளமானது போலும் என்று கருதுவர். உண்மை அதற்கு மாறானது. நாள்தோறும் பெய்யும் மழை மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. உதிரும் இலையைப் பூஞ்சையும் கறையானும் விரைந்து மக்கச் செய்ய, அச்சத்தை வேர்கள் உடனே உறிஞ்சிக் கொள்கின்றன. செல்வம் மண்ணில் இல்லை. மரங்களின் உடலிலேயே உள்ளது. எனவேதான் இத்தகைய காட்டை வெட்டிவிட்டால், எஞ்சும் மண் சில ஆண்டுகளிலேயே வலுவிழந்து போகிறது. பாடநூலில் ஒரு பத்தியாகப் படிக்கும் இவ்வுண்மையை, காலடியில் கிடக்கும் இலைக்குவியலைக் கையால் விலக்கிப் பார்க்கும் மாணாக்கர் ஒரு நொடியில் உணர்ந்துகொள்வர்.

நகரின் நடுவே ஒரு குன்று

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடம் புக்கித் தீமா என்னும் குன்று. அதன் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர் மட்டுமே. நம் திருத்தணி மலையைக் கண்டு பழகியவர்க்கு இது ஒரு மேடாகவே தோன்றக்கூடும். ஆயினும், அதன் சரிவில் இன்றும் பழங்காட்டின் எச்சம் நிற்கிறது. 1854ஆம் ஆண்டு ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கையியலாளர் இக்குன்றின் அடியில் தங்கி, ஏறத்தாழ இரண்டு திங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அந்நாளில் புலிகள் உலவிய காடு அது. விறகுவெட்டிகள் மரங்களை வீழ்த்தியவாறு இருந்ததால், வெட்டுண்ட மரங்களில் வந்து மொய்த்த பூச்சிகள் அவருக்கு எளிதில் கிட்டின. பிற்காலத்தில் டார்வினோடு ஒரே நேரத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டவர் இவரே. வாலஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அவருடைய பல்கலைக்கழகம் காடு. அவருடைய பாடநூல் தம் கையால் எழுதிய குறிப்பேடு.

மலேசியாவின் கோலாலம்பூரை அடுத்த கெப்போங் என்னும் இடத்தில் வன ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. வாரந்தோறும் மாணாக்கரும் குடும்பத்தாரும் திரளும் இடம் அது. அங்கு நிற்கும் காடு இயற்கைக் காடு போலவே தோன்றும். ஆனால் அது மனிதர் நட்டு வளர்த்த காடு. ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் பாழ்பட்டுக் கிடந்த நிலத்தில், 1920களின் பிற்பகுதி முதல் மரங்களை நட்டு, ஒரு நூற்றாண்டிற்குள் அடர்வனமாக்கியுள்ளனர். ஆலைகளும் சுண்ணச் சாந்துக் கட்டடங்களும் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து செல்லும் ஒரு மாணவன் கெப்போங்கில் கற்க வேண்டிய முதற்பாடம், பாழ்நிலம் என்றென்றும் பாழாகவே கிடக்க வேண்டியதில்லை என்பதே.

அங்கு அண்ணாந்து நோக்கினால் மற்றொரு விந்தையும் புலப்படும். கற்பூர மரங்களின் முகடுகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் மெல்லிய வான்கோடுகளை விட்டு ஒதுங்கி நிற்கின்றன. வானில் வரைந்த தேசப்படம் போன்று அது காட்சியளிக்கும். இம்மரத்தை மலாய் மொழியில் 'காப்பூர்' என்பர். அரபு மொழியில் 'காஃபூர்', தமிழில் 'கற்பூரம்'. மூன்று மொழிகளிலும் ஒரே ஒலி ஒலிப்பதைக் காண்க. சுமத்திராத் தீவின் பாரூஸ் துறைமுகம் இக்கற்பூரத்திற்குப் பெயர் பெற்றது. அங்கு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. நம் முன்னோர் கடல் கடந்ததற்கு இம்மரத்தின் மணமும் ஒரு காரணம் எனலாம். ஒரு மரத்தின் அடியில் நின்றே தாவரவியலும், வரலாறும், மொழியியலும் பயில இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே 1974ஆம் ஆண்டு ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவியது. அதற்கு இட்ட பெயர் 'ரிம்பா இல்மு'. ரிம்பா என்றால் காடு. இல்மு என்பது நாம் நன்கறிந்த அரபுச் சொல்லே. 'அறிவுக் காடு' என்று அதைத் தமிழாக்கலாம். கல்வியும் கானகமும் வேறல்ல என்பதை அப்பெயரே உரைக்கின்றது.

சதுப்பைக் காத்த குறிப்பேடுகள்

சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் 'சுங்கை பூலோ' என்னும் அலையாத்திச் சதுப்பு நிலம் உள்ளது. அப்பெயருக்கு மூங்கில் ஆறு என்பது பொருள். ஒரு காலத்தில் இறால் குட்டைகள் இருந்த இடம் அது. 1980களில் அந்நிலத்தை வேளாண் தொழில்நுட்பப் பூங்காவாக மாற்றத் திட்டம் இருந்தது. 1986ஆம் ஆண்டு, மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை நோக்குவோர் சிலர் விடுமுறை நாளொன்றில் அங்குச் செல்ல நேர்ந்தது. குட்டைகளின் சேற்றில் வலசைப் பறவைகள் பெருந்திரளாக இரை தேடுவதை அவர்கள் கண்டனர்.

அவர்கள் கண்டு வியந்ததோடு வீடு திரும்பியிருந்தால் இன்று அவ்விடம் இல்லை. எந்த நாளில், எந்தப் பறவை, எத்தனை என்று எண்ணிக் குறித்தனர். அக்குறிப்புகளைத் தொகுத்து அறிக்கையாக்கி அரசிடம் அளித்தனர். அரசும் செவிசாய்த்தது. 1989ஆம் ஆண்டு அந்நிலம் இயற்கைப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2002ஆம் ஆண்டு 130 ஹெக்டேர் பரப்புடன் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கைக் காப்பகமாயிற்று. நிலத்தின் விலை பொன்னின் விலையாக உள்ள ஒரு சிறு நாட்டில் இது நிகழ்ந்தது என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும்.

அதே நாட்டின் உபின் தீவில், 'செக் ஜாவா' என்னும் கழிமுகக் கரையிலும் இதே வரலாறு மீண்டது. அக்கரையைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்கவிருந்தது. தன்னார்வலர்களும் மாணாக்கரும் ஆசிரியர்களும் வற்றுக்கடலின் போது அங்குச் சென்று, நட்சத்திர மீன், கடற்புல், கடற்பஞ்சு முதலியவற்றைக் கணக்கெடுத்தனர். 2001ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணி தள்ளிவைக்கப்பட்டது. இன்று சாங்கி முனையில் பன்னிருவர் ஏறும் சிறு படகில் அமர்ந்து கடலைக் கடந்தால், அக்கரையை மரப்பாலத்தின் மீது நடந்தே காணலாம்.

அலையாத்திக் காட்டில் நடக்கும் தமிழ் மாணாக்கர்க்கு அங்குள்ள மரங்கள் அயலானவை அல்ல. உவர்நீரில் நிற்கும் மரம் மூச்சு விடுவதற்காகச் சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைக்கும் வேர்களைப் பிச்சாவரத்திலும் காணலாம். சுங்கை பூலோவிலும் காணலாம். தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, ஈட்டிபோல் தொங்கிப் பின் சேற்றில் குத்திட்டு விழும் விதைகளும் அவ்வாறே. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை அளித்த தில்லை மரம் அங்கும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு விளையும் என்பதால், மலாய் மக்கள் அதைக் 'குருடு' எனப் பொருள்படும் 'பூத்தா' என்னும் சொல்லை இரட்டித்து 'பூத்தா பூத்தா' என்று அழைக்கின்றனர். நாம் பெயரால் போற்றியதை அவர்கள் பெயரால் எச்சரித்தனர்.

தமிழ் பயில்வோர்க்கு இதில் தனிப்பயன் ஒன்று உண்டு. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய மரம், புள், விலங்கு, பூ ஆகியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்துரைத்த மரபு நம்முடையது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் நிரல்பட வருகின்றன. அவ்வரிசை, காட்டைக் கண்ணால் கண்டு பெயரறிந்து பழகிய ஒரு சமுதாயத்தின் பதிவேடு அன்றோ? பெயரறியாதவன் காட்டில் காண்பது பச்சை நிறம் ஒன்றே. பெயர் அறிந்தவனுக்கோ ஒவ்வொரு மரமும் தனித்தனியே முகம் காட்டும்.

ஒரு முன்னோடியின் வாழ்க்கை

இளமையில் அயல்நாட்டுக் காட்டில் நடந்தவர் ஒருவர் பின்னாளில் நாட்டிற்கே வழிகாட்டியானார் என்பதற்குச் சாலிம் அலியின் வாழ்க்கை சான்றாகும். 1896ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த அவர், கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, தெற்கு பர்மாவின் தாவோய் பகுதிக்குக் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். அங்கு மழைக்காடுகள் சூழ்ந்திருந்தன. கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் அக்காடுகளில் பறவைகளைக் கவனிப்பதில் செலவிட்டார். ஊர் திரும்பியபின் விலங்கியல் பயின்றார். 1929ஆம் ஆண்டு பெர்லின் சென்று பறவையியலில் பயிற்சி பெற்றார். இந்தியப் பறவையியலின் தந்தையெனப் போற்றப்பெற்றார். 1990ஆம் ஆண்டு கோவையில் தொடங்கப்பெற்ற பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருடைய வரலாற்றில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பத்து வயதை ஒட்டிய சிறுவராய் இருந்தபோது, ஒரு குருவிக் கூட்டைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பறவை நோக்குவோர் இதழ் ஒன்றில் அச்சேறியது. சிறுவன் ஒருவன் எழுதிய நான்கு வரிகளும், நாளும் இடமும் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருப்பின், அறிவுலகிற்குப் பயன்படும் என்பதை இது உணர்த்துகிறது.

செல்வோர் கைக்கொள்ள வேண்டியவை

வனநடை பயன் தர வேண்டுமாயின் அது பாதுகாப்பாகவும் அமைதல் வேண்டும். செல்வோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் இன்றியமையாதது.

முதலாவதாக, தனியே செல்லலாகாது. குறைந்தது மூவர் அல்லது நால்வர் சேர்ந்து செல்லுதல் நன்று. எங்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை விடுதியில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவரிடம் கூறிவிட்டுப் புறப்பட வேண்டும். மலேசியாவில் பல குன்றுகளுக்கு ஏற வனத்துறையின் முன் இசைவு தேவை. மாணவர் விசாவில் இருப்போர் சட்டத்தை மீறினால் அது கல்விக்கே இடையூறாக முடியும்.

இரண்டாவதாக, மழையை எளிதாக எண்ணலாகாது. அந்நாடுகளில் பிற்பகலில் இடியும் மின்னலும் மிகுதி. எனவே காலையில் தொடங்கி நண்பகலுக்குள் திரும்புதல் நலம். மலை அருவிகளில் நீராடுவோர்க்கு மலேசிய மக்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுண்டு. மேற்பகுதியில் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே திடீரெனப் பெருவெள்ளமாய் இறங்கும். அதை அவர்கள் 'கெபாலா ஆயர்', அதாவது 'நீர்த்தலை' என்பர். தெளிந்த நீர் சட்டெனக் கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிட வேண்டும்.

மூன்றாவதாக, காட்டை உள்ளவாறே விட்டுவர வேண்டும். பாதையை விட்டு விலகுதல், பூவோ பூச்சியோ பறித்து வருதல், குரங்குகட்கு உணவளித்தல் ஆகியவை கூடா. உணவு பெற்றுப் பழகிய குரங்கு பிறகு மனிதரிடம் பறிக்கத் தொடங்கும். இறுதியில் தண்டனை பெறுவதும் அக்குரங்கே. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் காட்டு விலங்கு எதற்கும் உணவளிப்பது சட்டப்படி குற்றமாகும்.

நான்காவதாக, கால் முழுவதும் மூடும் உடையும், வழுக்காத காலணியும், போதிய குடிநீரும் வேண்டும். ஈரமான மலைக்காடுகளில் அட்டைகள் உண்டு. அவை அச்சம் தருவனவே அன்றிப் பெருந்தீங்கு செய்வன அல்ல. டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசுவே பெரிதும் அஞ்சத்தக்கது. தொழுகை நேரத்தைக் கணக்கிட்டுப் பயணத்தை வகுத்துக்கொள்வதும் இயலும். மலேசியாவில் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவற்றின் வாயிலருகே 'சூராவ்' எனப்படும் சிறு தொழுகையிடம் அமைந்துள்ளது. கிளந்தான், திரெங்கானு, கெடா ஆகிய மாநிலங்களில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான் என்பதையும் அறிந்துகொள்ளல் நலம்.

ஐந்தாவதாக, படிப்பிற்கு முதலிடம் தர வேண்டும். 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாரா போன்ற பெருங்காட்டை இரண்டு நாளில் கண்டுவர இயலாது. அதைப் பருவ விடுமுறைக்கு ஒதுக்கிவிட்டு, வார இறுதியில் பேருந்தும் தொடர்வண்டியும் செல்லும் அண்மைக் காடுகளோடு நிறைவடைதலே அறிவுடைமை.

இவை அனைத்தினும் மேலாக, ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், நேரம், இடம், வானிலை, கண்ட உயிர், அதன் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஏழும் குறித்தால் போதும். பெயர் தெரியாவிடில் உருவத்தை வரைந்து வைக்கலாம். இன்று கைப்பேசியில் படம் எடுத்து, அதை வைத்துப் பெயரறியும் வசதிகள் வந்துவிட்டன. ஆயினும் படம் எடுக்கும் கண் பலவற்றைக் காணாது விடும். எழுதும் கை காணாததையும் காணச் செய்யும்.

நம் வாயிலில் ஒரு வகுப்பறை

அயலகத்தில் பெற்ற பழக்கம் ஊர் திரும்பியதும் உதிர்ந்துவிடுமாயின் அதனால் யாருக்கு என்ன பயன்? செவ்வாப்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு இவ்வினா மிக முக்கியமானது. ஏனெனில் சுங்கை பூலோவிற்கு நிகரான செல்வம் நம் மாவட்டத்திலேயே உள்ளது.

கொசத்தலை ஆற்றைப் பின்பற்றிச் செல்வோம். அவ்வாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் தாகத்தைத் தீர்க்கிறது. நீர் நிறைந்த காலத்தில் அங்கு நீர்ப்பறவைகள் கூடுகின்றன. அண்மையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அதே ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அதற்கு வடக்கே, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்குப் பூநாரைகள் செந்நிறக் கோடிட்டாற்போல் வரிசையாய் நிற்கும். சுங்கை பூலோவின் சேற்றில் காணும் பவளக்காலி உள்ளானை நம் பழவேற்காட்டுச் சேற்றிலும் காணலாம்.

ஆனால் அங்குள்ள காவல் இங்கு உண்டா என்பதே கேள்வி. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் நெடுங்காலமாகப் படிந்து வருகின்றன. 2023 டிசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது அக்கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. அலையாத்திச் செடிகளில் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாக்களின் இறகுகளும் எண்ணெயில் தோய்ந்தன. ஏரி மாவட்டம் எனப் புகழ்பெற்ற பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டு பிரிந்ததே நம் திருவள்ளூர் மாவட்டம். அவ்வேரிகளின் கரையோரம் இன்று மனைப்பிரிவுகள் நெருங்கி வருகின்றன. ஓர் ஏரி தூர்ந்தபின், "இங்குப் பறவைகள் வந்தன" என்று வாய்மொழியாகக் கூறினால் எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. "இந்த ஆண்டு, இந்தத் திங்கள், இத்தனை பறவைகள்" என்று எழுதிய ஏடு இருந்தால் அதை எளிதில் புறந்தள்ளவும் இயலாது.

தமிழகத்தில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்க 1798ஆம் ஆண்டிலேயே ஆட்சியாளரிடம் எழுத்துமூலம் உறுதி பெற்றனர். அந்த ஏரி 2022ஆம் ஆண்டு உலகளாவிய சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சென்னைக் கடற்கரையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், தைத் திங்கள் தொடங்கி இரவுகளில் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் சேர்த்து வருகின்றனர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். எத்தனை கூடு, எத்தனை குஞ்சு என்று ஆண்டுதோறும் கணக்கும் எழுதுகின்றனர். அவர்கள் செய்வதும் வார விடுமுறை வனநடையே. காட்டிற்குப் பதில் கடற்கரை என்பதே வேற்றுமை.

நிறைவாக, மூவரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். கடல் கடந்து பயிலும் மாணாக்கர்களே! பட்டச் சான்றிதழோடு எழுதி நிறைந்த குறிப்பேடு ஒன்றையும் ஊருக்குக் கொண்டு வாருங்கள். ஆசிரியப் பெருமக்களே! ஐந்திணையைக் கரும்பலகையில் விளக்குவதோடு, திங்களுக்கு ஒருமுறை மாணாக்கரைப் பொன்னேரி வழியே பழவேற்காட்டிற்கோ பூண்டிக்கோ அழைத்துச் சென்று நெய்தலையும் மருதத்தையும் நேரில் காட்டுங்கள். சமுதாயப் பெரியோர்களே! "படிக்க அனுப்பினோமா, காடு சுற்ற அனுப்பினோமா?" என்று கேட்பதற்கு முன்னர், "காட்டில் என்ன கண்டாய்? எழுதி வைத்தாயா?" என்று கேளுங்கள். அவ்வினாவிற்கு விடையளிக்கும் பிள்ளை காலத்தை வீணாக்கவில்லை என்று நீங்கள் உறுதிகொள்ளலாம். நம் ஏரிக்கும் கழிமுகத்திற்கும் நாளை சான்று தேவைப்படும்போது, அதைக் கையில் வைத்திருக்கப் போகிறவரும் அப்பிள்ளையே.